வேங்கைப் பொட்டு

கொட்டாங்குச்சிக்குள் காய்ந்து ஒட்டிக்கிடந்த வேங்கை மரத்துப் பாலின் மேல் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அம்சவேணி ஆள்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான், இதை எதற்காக எடுத்தோம் என்று அவளுக்கே உறைத்தது. கை தன்பாட்டுக்குக் கூரைச் செருகலில் துழாவியிருக்கிறது, கால் தன்பாட்டுக்கு வந்து அடுப்புக்கு எதிரே குந்தியிருக்கிறது. இன்றைக்குப் பொட்டு வைக்கக் கூடாது. கூடாது என்றுதான் ஒன்பது நாளாக வைக்காமல் இருந்தாள். போன மாசம் ஊசி போட வந்த நர்சம்மா குழந்தையின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கன்னத்துல இவ்ளோ பெருசா எதுக்கும்மா பொட்டு? அடுத்த மாசம் பதினேழாந் தேதி டாக்டரே வண்டியில வர்றாரு. அன்னிக்குப் பொட்டு இல்லாம கழுவின மொகமா கொண்டு வா, என்ன?" என்றாள். அம்சவேணி தலையை ஆட்டினாள். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறவள்தான் அவள். இன்றைக்குப் பதினேழு. பதினோரு மணிக்கு வண்டி பால்வாடிக்கு வந்துவிடும். விரல் சுற்றிச் சுற்றி வர, தண்ணீர் முதலில் செம்மண் நிறமாகி, பிறகு நாவல்பழச் சாறு போலக் கறுத்துக்கொண்டே வந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்தால் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இதை வைத்துவிட்டால் போதும், எல்லாம் மூடிக்கொள்ளும். பொட்டுக்கு அடியில் ஒரு இடம் வெள்ளையாக இருக்கிறது, அது இந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்கே எவ்வளவு தெரியும்? அதைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவை. பார்த்து நாலு மாசம் ஆகிறது. இன்னும் ரெண்டு சொட்டு விட்டாள். தூளிக்குள் கனிஷ்கா இடது கன்னத்தைத் துணியில் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் போட்டிருந்தாள், அந்தக் கன்னம் அடியில் இருக்கும்படி.

வெளியே களத்தில் முறம் சரக் சரக்கென்று சத்தம் போட்டது. ராஜாம்பா அண்ணி சாமை புடைக்கிறாள். அண்ணி என்றால் அம்சவேணியின் வீட்டுக்காரன் திருமாலுக்கு அக்கா, அடுத்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள், இந்த வீட்டுக்கும் அவள்தான் வாய். திருமால் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரியோடு வடக்கே போய்விட்டால் மூணு மாசம், நாலு மாசம். அதுவரைக்கும் இந்த வீட்டில் ஒரு கோழி முட்டை வைத்தாலும் ராஜாம்பா அண்ணிக்குத் தெரியாமல் வைக்க முடியாது. "ஏம்மே அம்சா, இன்னா பண்ற உள்ள? பொம்பள புள்ளைக்கு மருதாணி வச்சிகினு கீறியா?" "இல்லண்ணி." "கெளம்புடி. அந்த வண்டிக்காரன் ஆரன் அடிச்சிட்டுத் திரும்பிப் போயிடுவான்." "சரிங்கண்ணி." முறத்தில் சாமை ஒரு பக்கம் ஒதுங்க, உமி ஒரு பக்கம் பறக்க, அண்ணி சிரித்துக்கொண்டே இன்னும் என்னவோ சொன்னாள், காற்றில் பாதிதான் வந்தது. நல்ல மனசுதான் அண்ணிக்கு. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக, ஜீப் கிடைக்காமல், மலைப்பாதை பாதி வரைக்கும் அம்சவேணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தவள். பொட்டைப் பற்றி ஊரே கேலி செய்தபோது இவளும் செய்தாள், ஆனால் இவள் கேலியில் கடி இருக்காது. "இது பொட்டா அடையாடி? கண்ணு மூக்குக்கும் கொஞ்சம் எடம் உட்டு வைடி." அந்த நல்ல மனசுதான் போன மாசம் தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு, இதே களத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னது: "பொண்ணு கிளியாட்டம் கீறா. எல்லாம் பேசி முடிச்சிட்டோம். அப்புறம் பாத்தா பொண்ணோட மாமன் சட்டைய அவுத்துட்டு மோட்டார்ல குளிக்கிறான், முதுவு பூரா வெள்ளை. நல்லவேளை கண்ணால பாத்தோம். அந்த ரத்தத்த நம்ம வூட்டுக்குக் கொண்டாந்து சேப்பாங்களா யாராச்சும்?" அம்சவேணி அப்போதும் தலையைத்தான் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே மடியிலிருந்த குழந்தையை மாரோடு திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஆமாம், சேப்பாங்களா. தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டது. கொட்டாங்குச்சியைச் சாய்த்துச் சாய்த்துப் பால் பிசுபிசுப்பாகும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கத்தான் வேண்டுமா?

மரத்துக்குக் கோபம் இருக்குமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. கேட்டால் சிரிப்பார்கள். இந்த ஊரில் பிள்ளைக்கு வேங்கைப் பால் கொண்டு வருவது தாய்மாமன் வேலை. குளித்துவிட்டு, ஒரு கைப்பிடி சாமையரிசியை மரத்தடியில் போட்டு, "புள்ளைக்குக் கேக்கறேன், குடு" என்று சொல்லி, பட்டையில் ஒரே ஒரு கொத்து. வெயில் அடிமரத்தைத் தொடும்வரைக்கும் எவ்வளவு வடிகிறதோ அவ்வளவுதான், மேலே ஆசைப்படக் கூடாது. அம்சவேணிக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. பெரியப்பா மகன் ஒருத்தன் நாலு மேடு தாண்டி இருக்கிறான், அவனைக் கூப்பிடச் சொல்லி அண்ணி சொன்னாள். கூப்பிடுவதென்றால் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அவன் பெண்டாட்டி என்ன விஷயம் என்று கேட்பாள், இவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வாயைத் திறப்பதைவிட மரத்தை வெட்டுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. பிள்ளை பிறந்து நாற்பத்தோராம் நாள் விடிய, சுள்ளி பொறுக்கப் போகிறேன் என்று கொடுவாளை எடுத்துக்கொண்டு தனியாகவே போனாள். பனி இறங்கி மரமெல்லாம் பாதி இருந்தது பாதி இல்லை. வேங்கை மட்டும் கிட்டே போகப் போக முழுசாக வந்து நின்றது, மேலே மஞ்சள் பூ, கீழே உதிர்ந்ததும் மஞ்சள், நடுவில் கரடுமுரடான கறுத்த உடம்பு. ஒரு கொத்து. முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு வெட்டுக்குள் ஒரு ஈரம் மினுங்கியது, துளியாகத் திரண்டது, சிவப்பாக வழிந்தது. இத்தனை சிவப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்தே பார்த்ததுதான், ஆனாலும் தன் கையால் வெட்டி வடிவதைப் பார்த்தபோது அவளுக்கு மாரில் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. அதுவும் வடிகிறது, நானும் வடிகிறேன். அப்படியே சொக்கிப்போய் நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. வெயில் அடிமரத்துக்கு வந்ததும் கொட்டாங்குச்சியை மூடிக்கொண்டு பிள்ளை அழுமே என்று ஓடி வந்தாள். பெரியப்பா மகன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான் என்று வீட்டில் ஒரு பொய். சாயங்காலம் சேலையை மாற்ற முந்தானையை உதறியபோது முடிச்சு கனத்தது. அவிழ்த்தால், ஒரு கைப்பிடி சாமையரிசி. போடவேயில்லை. கேட்கவுமில்லை. கேட்காமல் வெட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்த அரிசியை என்ன செய்வது என்று தெரியாமல் பானையில் போட்டுவிட்டாள், ராத்திரிக்குச் சோறாகி எல்லாரும் சாப்பிட்டார்கள். மரத்தின் பங்கை எல்லாருமாகத் தின்றுவிட்டு, சோறு நல்லா வெந்திருக்கிறது என்று மாமனார் வேறு சொன்னார்.

முதல் பொட்டைக் கடுகளவுதான் வைத்தாள். பத்து நாள் கழித்து அது உதிர்ந்தபோது, அந்த இடத்தில் சாமையரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. சரியாக ஒரு சாமையரிசி. எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். இருந்தது. மரத்துக்குக் கோபம்தான் என்று அன்றைக்கே நினைத்தாள். ஆனால் வேங்கை மருந்தாயிற்றே, அது கெடுதல் செய்யுமா? பிள்ளைகளுக்குப் பேதி நிற்காவிட்டால் ஒரு சிட்டிகை பாலைக் கரைத்துத்தான் புகட்டுகிறார்கள். கட்டிக்கு இலையை அரைத்துப் போடுகிறார்கள். மாமனாருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து வேங்கைக் கட்டையில் குடைந்த குவளையில்தான் தண்ணீர். முதல் நாள் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் அது வெயிலில் நீலமும் பழுப்புமாக ஒரு மாதிரி மினுங்கும், கடகடவென்று குடித்துவிட்டு, "மரத்தக் குடிச்சாச்சு" என்பார். சர்க்கரை குறைந்ததா என்று கேட்டால், "நாக்கு கொறஞ்சாத்தான கொறையும்" என்று அவரே சிரிப்பார். இத்தனைக்கும் கேட்கிற மரம் ஒரு சாமையரிசி வெள்ளைக்குக் கேட்காதா. சிவப்புப் பால் ஊறி ஊறி அந்த வெள்ளையைக் கறுப்பாக்கிவிடும் என்று அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, அடுத்த பொட்டைப் பட்டாணி அளவு வைத்தாள். அது ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியதும், ஐயோ தெரிந்துவிடுமே என்று அதன் மேலேயே இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக. அப்புறம் இன்னொன்று. நாலணா, எட்டணா, ஒத்தை ரூபாய். வெள்ளை பெரிதாகியிருக்குமோ என்று பயந்து பொட்டைப் பெரிதாக்கினாள். பொட்டு பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து, அடியில் வெள்ளையும் இவ்வளவு இருக்கும் என்றே நம்பிவிட்டாள். திருமால் போனில் படம் காட்டிப் பேசும்போது, "இன்னா என் பொண்ணு பாதிதான் தெரியறா, மீதிய எங்க வச்ச?" என்றான். "கண்ணு படும்ல" என்று சொன்னாள். "இவ்ளோ தூரத்துல கீறன், என் கண்ணு எப்படி படும்?" அவன் பின்னால் போர் போடுகிற சத்தம் பூமியைக் கடித்துக்கொண்டிருந்தது. "நீயாச்சும் நேரா பாருடி. கல்யாணத்துலேருந்து ஒன்ன அரை மொகமாத்தான் பாத்துகினு கீறன்." அவள் சிரித்துக்கொண்டே போனை வலது பக்கமாகவே பிடித்திருந்தாள். எப்போதும் வலது பக்கம்தான். கல்யாணப் போட்டோவிலும் வலது பக்கம்தான்.

அந்தப் போட்டோவில் அம்மா இல்லை. அம்மா அன்றைக்கு முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கை போட்டுக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பந்தியில் ஒரு கரண்டி பிடிக்க விடவில்லை அப்பா. அம்மாவின் ரெண்டு கையும் விரல் நுனி வரைக்கும் வெள்ளை, உதட்டோரம் வெள்ளை. பெண் பார்க்க வந்தவர்களிடம், "கொதிக்கிற கஞ்சிப்பானை சாஞ்சிடுச்சுங்க, சின்ன வயசுல" என்று அப்பா சொன்னபோது ராஜாம்பா அண்ணிதான் உச்சுக்கொட்டினாள், "ஐயோ பாவம், எரிஞ்சிருக்குமே" என்று. அந்த 'எரிஞ்சிருக்குமே'யை நினைத்தால் இப்போதும் அம்சவேணிக்குக் காது சுடுகிறது. பொய்யைக் கொடுத்து வாங்கிய பாவம் அது. அம்மா போன வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள், பேத்தியைப் பார்க்காமலே. அம்மாவின் அந்த வெள்ளை விரல் நுனி மட்டும் வேங்கைப் பாலில் தோய்ந்து எப்போதும் கறுப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு ஊற்றி, முட்டிக்கால் நடுவில் அவளை இடுக்கிக்கொண்டு, இடது கன்னத்தில் சில்லென்று ஒரு பொட்டு. "எதுக்கும்மா? பெரிய புள்ளைங்க யாரும் வைக்கறதில்ல." "ஆடாம நில்லு." பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒத்தைப்பொட்டு என்று பேர். அஞ்சாவது படிக்கும்போது புதுசாக வந்த டீச்சர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, "வா, தொடைச்சு விடறேன்" என்று கிட்டே வந்தாள். நல்லதுக்குத்தான் வந்திருப்பாள். இவள் பையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தவள், அப்புறம் போகவேயில்லை. அந்த மழைக்காலத்தில்தான் கூரை ஒழுகி, கொட்டாங்குச்சியில் இருந்த பால் பூராவும் கரைந்து சுவரில் சிவப்பாக வழிந்து போனது. பாதை அறுந்து யாரும் வெளியே போக முடியவில்லை. கன்னத்தில் இருந்தது நாளுக்கு நாள் உதிர்ந்து, ஒரு நாள் காலையில் சுனைத் தண்ணீரில் குனிந்து பார்த்தபோது, அங்கே ஒன்றுமே இல்லை. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. மற்றக் கன்னம் எப்படியோ அப்படி. ஓடிப் போய் அம்மாவிடம், "இங்க இன்னா இருந்துச்சு?" என்று கேட்டாள். அம்மா வெள்ளைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "அதான் ஒண்ணுமில்லயே" என்றாள். இருந்து போய்விட்டதா, முதலிலேயே இல்லையா? மருந்து கேட்டதா, நோயே இல்லையா? அம்மாவும் அடியில் பார்க்கவேயில்லையா என்னைப்போல? வருஷக்கணக்காக ஒன்றுமில்லாத இடத்தைத்தான் மூடிக்கொண்டிருந்தாளா? கேட்கலாமென்றால் கேட்க ஆள் இல்லை. விரல் நின்றிருந்தது. கொட்டாங்குச்சியில் பால் பதமாகி, கூரைப் பொத்தல் வழியாக விழுந்த வெயில் வட்டம் அதன் மேல் மிதந்து கொண்டிருந்தது, தொட்டால் உடைந்துவிடும் போல.

ஒன்றுமில்லாத கன்னம்தான். அதை இன்றைக்கு வரைக்கும் அவள் யாருக்கும் நேராகக் காட்டியதில்லை. கடையில் சாமான் கேட்கும்போதும், கட்டிக்கொண்டவனோடு பேசும்போதும், கழுத்து தானாக இடது பக்கம் திரும்பிக்கொள்கிறது. கூச்ச சுபாவம் என்கிறார்கள். அம்சாவுக்கு வாய் கிடையாது, பூனை என்கிறார்கள். அது சுபாவமா, கொட்டாங்குச்சியிலிருந்து வந்ததா. நேற்று மத்தியானம் ஒன்று நடந்தது. அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து பாத்திரத்தைத் துலக்கி, தண்ணீர் எடுத்து, களி கிண்டி, என்னென்னவோ செய்துகொண்டிருந்தாள். கனிஷ்காவுக்கு வர்ற பத்தாந்தேதி வந்தால் ஆறு மாசம். நேற்று ராஜாம்பா அண்ணி அவளை வாரித் தூக்கி, "ஏ கனிச்சா, அத்தைகிட்ட மொகத்தக் காட்டு" என்று கொஞ்சியபோது, குழந்தை சிரித்தது. சிரித்துக்கொண்டே இடது கன்னத்தை அண்ணியின் தோளில் கொண்டுபோய்ப் புதைத்துக்கொண்டது. அண்ணிக்குக் கொள்ளாத சந்தோஷம். "பாருடி, வெக்கத்த! அப்படியே ஒன்ன உரிச்சு வச்சிருக்கா." அம்சவேணி எப்போதும் அந்தப் பக்கம் உள்ளே இருக்கும்படி தூக்கித் தூக்கி, குழந்தை அதையே பழகிவிட்டது. பால் குடிக்கக் கற்றுக்கொண்டது, சிரிக்கக் கற்றுக்கொண்டது, இதையும் கற்றுக்கொண்டது. வெள்ளை என் அம்மாவிடமிருந்து வந்ததோ, மரத்திடமிருந்து வந்ததோ, அது எனக்குத் தெரியாது. இது என்னிடமிருந்து வந்தது. இதற்கு எந்த மரத்தில் பால் எடுப்பது? நேற்று சாயங்காலம் பயத்தமாவு போட்டுக் குளிப்பாட்டித் துவட்டியபோது, துண்டில் கறுப்பாக ஒரு செதில் ஒட்டியிருந்தது, கடைசிச் செதில். கண்ணை மூடிக்கொண்டு துண்டை மடித்தாள். அதிலிருந்து பார்க்கவில்லை. இப்போது வைத்துவிட்டால் இனியும் பார்க்க வேண்டாம். நர்சம்மா திட்டுவாள், திட்டட்டும். டாக்டர் துடைக்கச் சொன்னாலும் வேங்கைப் பால் துடைத்தால் போகாது, அதுதானே அதன் குணம். ஒரு விரல் தூரம்தான் தூளி. விரலில் கறுப்பு சொட்டத் தயாராக இருந்தது. குழந்தை அசைந்தது, கால் ஒன்று வெளியே வந்தது, பிறகு ஒரு சின்ன முனகலோடு அவளாகவே புரண்டு, மறு பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூரை வழியாக வந்த வெயில் வட்டம் அவள் கன்னத்தில் விழுந்தது.

அம்சவேணி பார்த்துவிட்டாள். கண்ணை மூட நேரம் கிடைக்கவில்லை. அங்கே, ஒத்தை ரூபாய் அகலத்துக்கு அவள் மூடி வைத்திருந்த இடத்தின் நடுவில், ஒரு சாமையரிசி. அவ்வளவுதான். நாலு மாசத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே, கூட இல்லை குறைய இல்லை, சுற்றிலும் மெத்தென்று குழந்தைத் தோல். அவள் குனிந்து, இன்னும் குனிந்து, மூச்சுப் படும் தூரத்தில் பார்த்தாள். இதற்கா. நாளைக்கு வளருமோ என்னவோ, வளரட்டும், கண்ணுக்கு முன்னால் வளரட்டும். மூக்கு எரிந்து கண்ணீர் வந்தது, குழந்தையின் நெற்றியில் சொட்டியது, குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. தூரத்தில் வளைவில் வண்டி ஆரன் அடித்தது. "அம்சா! வந்துட்டாங்கடி!" விரலை அடுப்புச் சாம்பலில் துடைத்தாள். அது போகவில்லை, எங்கே போகும், இருக்கட்டும், என் விரல்தானே. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் ஒரு கைப்பிடி சாமையரிசி எடுத்து முடிந்துகொண்டாள், திரும்பி வரும்போது மரத்தடியில் போட்டுவிட வேண்டும். குழந்தையைத் தூக்கி வலது தோளுக்கு மாற்றிப் போட்டாள்; கைக்குப் பழக்கமில்லை, யாரோ வேறு பிள்ளையைத் தூக்கியது போல இருந்தது; இடது கன்னம் வெளிப்பக்கம் இருந்தது. வாசலுக்கு வந்தால் வெயிலில் கண் கூசியது. முறத்தோடு நிமிர்ந்த ராஜாம்பா அண்ணி, "அட, பொட்டு இல்லாம என் கனிச்சா எவ்ளோ" என்று ஆரம்பித்து, கிட்டே வந்து, கன்னத்தில் ஒரு இடத்தில் பார்வையை நிறுத்தி, சிரிப்பைத் தொலைத்தாள். முறத்திலிருந்து சாமை ஓரமாகச் சரிந்து கொட்டியது. "இன்னாடி இது?" அம்சவேணிக்குக் கழுத்து இடது பக்கம் திரும்பப் பார்த்தது. அதைத் திரும்பவிடாமல் பிடித்து நிறுத்துவது ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிற மாதிரி இருந்தது. "அண்ணி," என்றாள், அவள் குரல் அவளுக்கே புதுசாகக் கேட்டது. "வெள்ளைதான் அண்ணி. நாலு மாசமா இருக்குது. நான்தான் மறைச்சேன். எங்கம்மாவுக்குக் கஞ்சி ஒண்ணும் கொட்டல, அப்பா சொன்னது பொய், எங்கம்மா கையி" என்று அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால்வாடியிலிருந்து நர்சம்மா சத்தமாக, "அம்சவேணி திருமால்! கனிஷ்கா! மொதல் பேரே உங்களுதுதான், சீக்கிரம் வாங்க!" என்று கூப்பிட, அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்து, அண்ணியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நடந்துகொண்டே, "எங்கம்மா கையி, நான் பொறந்ததுலேருந்து வெள்ளைதான் அண்ணி" என்று சொல்லி முடித்தாள்.